அதிபர் சொன்ன லத்தீன் சொல்

இன்னைக்கு மகள ஸ்கூல்ல சேர்க்க ஹட்டனுக்குப் போனேன்.

அதிபர் ஒரு டீச்சரோட பேச்சைப் புகழ்ந்துகிட்டு இருந்தாரு.

"ரொம்ப செரிப்ரலா பேசினீங்க. லத்தீன்ல செரிப்ரம்னா மூளை. இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டுலயும் செரிப்ரல்னா அறிவாளின்னு அர்த்தம்."

டீச்சர் பூரிச்சுப் போனாங்க.

அப்புறம் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன வருத்தம்?"ன்னாரு.

"செரிப்ரல் பால்சி சார். கைகால்தான் சரியா வராது. நல்லா வாசிப்பா."

"அப்படிப்பட்ட பிள்ளைங்கள இங்க வச்சிக்கிறது கஷ்டம்மா."

சக்கர நாற்காலியில இருந்த மகள் திக்கித் திக்கிக் கேட்டா: "ரெண்டும் ஒரே சொல்லுதானே சார்?"

அதிபர் தண்ணி குடிச்சாரு. பிறகு, "நாற்காலி நுழையிற மாதிரி எங்க ஸ்கூல்ல கதவு இல்லையேம்மா"ன்னாரு.

நாங்க அவரு ரூம் கதவு வழியாத்தான் நாற்காலியோட உள்ள வந்திருந்தோம். அதையே சொல்லி, விண்ணப்பத்த மேசையில வச்சிட்டு வந்தேன்.

இப்படிப்பட்ட அதிபருங்கள பிரெஞ்சுல எப்படிச் சொல்லுவாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்க.