பதினொரு வார முடி

அலுவலகத்தில் அவளை முடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்து அவள் தலை நிமிராமல் வேலையைத் தொடர்வாள்.

படத்தில் இருப்பவரைப் பின்னால் இருப்பதிலிருந்து பிரித்தெடுப்பது அவள் வேலை. சேலை கட்டி நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் சுவர் வேண்டாம், வெள்ளை வேண்டும். பை மட்டும் போதும், அதைப் பிடித்திருக்கும் கை வேண்டாம். இப்படித்தான் வேலை வரும். சேர்ந்த புதிதில், ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது படம் முடித்தால் பெரிய விஷயம். பிறகு ஒரே பட்டன் வந்தது. அதை அழுத்தினால் கணினியே ஆள் யார், சுவர் எது என்று பார்த்துக்கொள்ளும். உருவத்தைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் ஒரு கோடு ஓடும். அன்று அலுவலகமே கைதட்டியது. இனி உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்றார்கள்.

நடந்தது வேறு. சுலபமான படங்களை எல்லாம் பட்டன் எடுத்துக்கொண்டது. கஷ்டமானவை மட்டும் மனிதர்களுக்கு மிஞ்சின. அதிலும் கஷ்டம் முடி. தோளும் கையும் எங்கே முடிகின்றன என்று கணினிக்குத் தெரியும். காற்றில் பறக்கும் முடி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒன்று, தொப்பி கவிழ்த்ததுபோல் மொழுக்கென்று வெட்டிவிடும். இல்லையென்றால் முடிக்கு நடுவே பழைய சுவரின் நிறத்தைத் திட்டுத்திட்டாக விட்டுவைக்கும். அதைச் சரிசெய்யத்தான் முடியக்கா. படத்தை முந்நூறு சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் இழை இழையாக மீட்க வேண்டும். கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். கடைசியில் பின்னணியை ஒருமுறை சிவப்பாக்கிப் பார்க்க வேண்டும், ஒருமுறை கறுப்பாக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளையில் ஒளிந்துகொள்ளும் பிசிறு கறுப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை தலைகள், தலைகள், தலைகள். நாற்பத்து மூன்று வயதில் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து மேசை இழுப்பறையில் இருந்தது. பேருந்தில் முன் இருக்கையில் யாராவது உட்கார்ந்தால், அவர்கள் காதோரம் பறக்கும் நாலு முடியைக் கண் தானாகப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிடும். கண்ணை மூடிக்கொள்வாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவனுக்கு இது தீராத வேடிக்கை. "உன் பொண்டாட்டி என்ன வேலை பாக்கறாங்கன்னு ஒருத்தன் கேட்டான். முடி புடுங்கற வேலைன்னு சொன்னேன். சண்டைக்கு வந்துட்டான், நான் அவனைக் கிண்டல் பண்றேன்னு" என்று ஒருநாள் சொன்னான். அவளும் சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, நீ இப்பல்லாம் என் முகத்தைப் பாக்கறதே இல்ல. தலையத்தான் பாக்கற" என்றாள்.

அந்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டை வேலை வந்தது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எல்லோரையும் ஒரே நீலத் திரைக்கு முன்னால் ஒரே முக்காலியில் உட்காரவைத்து எடுத்திருந்தார்கள். நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளை வைக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டன் ஒரே இரவில் எல்லாவற்றையும் வெட்டிவைத்தது; அதில் பிசகியவை நூற்றெண்பது அவள் பங்குக்கு வந்தன. சுருட்டை முடி, ரிப்பன் அவிழ்ந்த முடி, காலையில் எண்ணெய் வைக்காமல் ஓடிவந்த முடி.

வியாழக்கிழமை மதியம் ஒரு சிறுமியின் படம் வந்தது. பத்து, பதினொரு வயதிருக்கும். கணினி அவள் தலையை முட்டைபோல் வழவழவென்று வெட்டியிருந்தது. மொட்டை அடித்திருப்பார்கள் என்று நினைத்துக் கடந்துபோகப் பார்த்தாள். ஏதோ உறுத்தவே மூலப்படத்தைத் திறந்தாள். மொட்டை இல்லை. தலை முழுக்கப் பூனைமயிர்போல் மெல்லிய முடி முளைத்திருந்தது. அரை விரல் நீளம்கூட இருக்காது. அங்கங்கே அடர்த்தியாக, அங்கங்கே இல்லாமல். புருவம் பாதிதான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை கேமராவை நேராகப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

எந்த வைத்தியத்துக்குப் பிறகு முடி அப்படி முளைக்கும் என்று முடியக்காவுக்குத் தெரியும். அவள் அக்கா கடைசி வருடம் அப்படித்தான் இருந்தாள்.

பிரஷ்ஷை எடுத்தாள். அந்த முடி அவ்வளவு மெல்லியது, பின்னால் இருந்த திரையின் நீலம் அதனூடே தெரிந்தது. இழைகள் நீலத்திலேயே கரைந்து கிடந்தன. கணினி அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்ததில் தப்பில்லை. பிரஷ்ஷின் அளவைக் குறைத்துக்கொண்டே போனாள். நெற்றியோரம் முதலில். பிறகு வலது காதுக்கு மேல். ஒவ்வொரு இழையிலும் ஒட்டியிருந்த நீலத்தைக் கழுவினாள். ஒருமுறை எல்லாம் முரட்டுத்தனமாக, தென்னந்துடைப்பம்போல் வந்துவிட்டது, அழித்துவிட்டு மறுபடி. மூன்று நிமிடம் ஐம்பது நிமிடம் ஆனது.

குழுத் தலைவன் பின்னால் வந்து நின்றான். முப்பது வயது தாண்டாதவன். கெட்டவன் இல்லை, மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருப்பவன்.

"அக்கா, இன்னும் நாப்பத்தாறு பாக்கி காட்டுது."

"தெரியும் தம்பி."

"இந்தப் புள்ளைக்கு அதுவா வெட்டினதே நல்லாத்தானே இருக்கு. சுத்தமா இருக்கு."

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள மாதிரி இல்ல."

அவன் திரையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், "நாலு மணிக்கு அனுப்பணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் முடித்தபோது நாலு மணி ஐந்து நிமிடம். படத்தைக் கணினியில் தன் பெட்டியில் சேமித்தாள். ஆனால் நாலு மணிக்கே மொத்தப் படமும் போய்விட்டிருந்தது. அவள் பெட்டியில் எது தயாராக இல்லையோ அதற்குப் பதிலாகப் பட்டன் வெட்டிய படம் போகும்படி அமைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாம், ஒரு படத்தை மட்டும் மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கலாம். மீதி இருந்த படங்களுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்ததில் மறந்துபோனாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள், மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்தாள், தூங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வரவேற்பறைப் பெண் வந்து குழுத் தலைவனிடம் ஏதோ குசுகுசுவென்று சொன்னாள். அவன் முகம் மாறியது. நேராக முடியக்காவிடம் வந்தான்.

"ஸ்கூல்லேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. கார்டுல படம் தப்பா இருக்காம். நீங்களும் வாங்கக்கா, எனக்கு அழுற பொம்பளைங்களை சமாளிக்கத் தெரியாது."

அந்த அம்மா அழவில்லை. தையல்காரி. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது; கழற்றிவைக்க மறந்து கிளம்பியிருக்க வேண்டும். அட்டையை மேசைமேல் வைத்தாள். பல நாள் சண்டைபோட்டுக் களைத்த குரலில் பேசினாள்.

"நான் சத்தம் போட வரல. ஓரம் எப்படி வெட்டணும்னு எனக்கும் தெரியும், அதான் என் பொழப்பே. துணிய இப்படி மொழுக்குன்னு வெட்டினா யாராவது என்கிட்ட தைக்கக் கொடுப்பாங்களா? எட்டு மாசம் ஆஸ்பத்திரி. முடி வந்து பதினொரு வாரத்துல எடுத்த போட்டோ இது. தினம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு எவ்ளோ வளந்திருக்குன்னு பாப்பா. கார்டைக் கையில வாங்கினவ, அன்னைக்கு மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்ல."

தலைவன் தரையைப் பார்த்தான். முடியக்காவின் கண் அந்தச் சிறுமியிடம் போனது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை வெட்டியெடுத்திருக்கிறாள். அதில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. இவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் தலையின் விளிம்பு பஞ்சுபோல் ஒளிர்ந்தது. வழக்கம்போல் கண் இழைகளைப் பிரிக்கப் போனது. அவள் வலிய அதை இழுத்து, பிள்ளையின் முகத்தில் வைத்தாள். மூக்குநுனி சிவந்திருந்தது. பிள்ளை கோபமாக இருந்தாள்.

"நீங்கதான் வெட்டினீங்களா ஆன்ட்டி?"

"வெட்டினது மெஷின். நான் திரும்ப ஒட்டவச்சேன். ஆனா ஒட்டவச்சது உனக்கு வந்து சேரல. அது என் தப்பு. நான் கேட்டிருக்கணும், கேக்கல."

"என்ன ஒட்டவச்சீங்க?"

"உன் முடிய."

சிறுமி நம்பவில்லை. "காட்டுங்க" என்றாள்.

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. தலைவன் வாயைத் திறந்தான். தையல்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நால்வரும் முடியக்காவின் மேசைக்குப் போனார்கள். அவள் பழைய பெட்டியைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். திரை முழுக்க அந்தத் தலையின் வலது பக்கம். வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றது. பின்னணியைக் கறுப்பாக்கிக் காட்டினாள். சிறுமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் என்னுதா?"

"ஒண்ணுகூட நான் வரையல. எல்லாம் உன்னுதுதான்."

தையல்காரி நாடாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம்" என்றாள் முடியக்கா.

"அம்பது நிமிஷம்" என்றான் தலைவன். அன்று அதற்காகத் திட்டியவன் அவன்தான்.

இந்தப் படத்தையே வைத்துப் புது அட்டை அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று அவன் சொன்னான். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் சிறுமி தலையை ஆட்டினாள்.

"இது வேணாம்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றாள் தாய்.

"இது பழசு. அதுக்கப்புறம் மூணு வாரத்துக்கு மேல வளந்திருக்கு. காதுகிட்டப் பாருங்க, இப்ப மடங்குது." காதோரத்து முடியை விரலால் மடக்கிக் காட்டினாள். உண்மையிலேயே மடங்கியது.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் கண்ணீரும் வந்தது. முந்தானையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கேன் இருக்கும் மூலையில் சுவர் ஓரளவு வெள்ளை. சிறுமியை அங்கே நிற்கவைத்துத் தலைவன் தன் போனில் படம் எடுத்தான். முதல் இரண்டில் அவளுக்குத் திருப்தியில்லை, மூன்றாவதில் சம்மதித்தாள். முடியக்கா அதைக் கணினியில் ஏற்றிப் பட்டனை அழுத்தினாள். எறும்புக்கோடு ஓடியது. இந்த முறையும் அது தலையை மொழுக்கென்றுதான் வெட்டியது.

"பாத்தியா, அதுக்குக் கண்ணு தெரியாது" என்றாள் பிள்ளையிடம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பெல்லாம் எனக்கும் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. நீ பக்கத்துல இரு. விட்டுப்போனா சொல்லு."

பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்க ஒண்ணு. அங்க ரெண்டு. அது முடி இல்ல ஆன்ட்டி, சுவத்துல கீறல். முக்கால் மணி நேரம் ஆனது. மணிக்கட்டு நெருப்பாக எரிந்தது. நடுவில் இரண்டு முறை கையை உதறிவிட்டுத் தொடர்ந்தாள். அன்றைய கணக்கில் இருபது படம் குறையும், மாத இறுதியில் அதற்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வரும் என்று தெரியும். வரட்டும் என்று நினைக்கும் தெம்புகூட இல்லை. வேலை கையில் இருந்தது, செய்துகொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு தலைவன் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தான். "இன்னைக்குக் குறைஞ்சதை நான் எழுதல" என்றான். அவள் தலையாட்டினாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை. டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, ரெண்டு நாள் லீவு வேணும்."

"உடம்பு சரியில்லையாக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அசதி."

அசதி என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது என்பதால் காய்ச்சல் என்று எழுதினான்.

புதன்கிழமை அவள் பத்தரை மணிவரை தூங்கினாள். மகள் கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். கேட்டதற்குப் பரீட்சை விடுமுறை என்றாள். இருவரும் மதியம் பழைய துணிகளை மடித்தார்கள். மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அந்தச் சிறுமியின் கதையைச் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் புதிதாக ஒரு பரு வந்திருந்தது. எப்போது வந்தது என்று கேட்டாள். வந்து ஒரு வாரமாச்சு என்றாள் மகள்.

மறுநாள் காலை போன் அடித்தது. தலைவன்.

"அக்கா, தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கங்க. குதிரை வந்திருக்கு."

"என்னது?"

"குதிரைப் படம். அம்பத்திரெண்டு. எல்லாம் ஓடுற குதிரை. பிடரி பறக்குது, வாலும் பறக்குது. யாரும் தொட மாட்டேங்கறாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கு வரேன் தம்பி" என்றாள். "அதுவரைக்கும் ஓடட்டும்."

போனை வைத்துவிட்டு, மிச்சம் இருந்த துணியை மடிக்கப் போனாள்.