பஸ் பலகை படித்தவர்

திண்டிவனத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு அவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி. சென்னையில் படிக்கும் அவர் மகள், வெளிநாட்டு மேல்படிப்புக்காகத் தன் நோக்கத்தை விளக்கி எழுதிய கட்டுரையை என் செல்லுக்கு அனுப்பியிருந்தாள். பிரிண்ட் எடுத்து, கூடவே வந்த படிவத்தில் அப்பாவின் கையெழுத்தையும் வாங்கிக் கூரியரில் அனுப்ப வேண்டும்.

பிரிண்ட் வரும்வரை என் விலைப் பலகையை நோக்கி விரலை நகர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா இங்கிலீஷ்ல என்னா எழுதிக்கிது? சொல்லுங்க சார்."

தமிழில் சொன்னேன்: "எங்கப்பா கூலி வேலை செய்றாரு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலதான் முதியோர் கல்வி பத்திப் படிக்க ஆசைப்படுறேன்."

"ஆறு மாசமா கத்துக்கினு இருக்கேன் சார். பாப்பாவுக்குத் தெரியாது. லீவுக்கு வந்தா படிச்சிக் காட்டலாம்னு இருந்தேன்."

"போன் போட்டுச் சொல்லுங்க, மாத்திடலாம்."

"வேணாம் சார். சீட்டு கெடைக்கட்டும், அப்பறம் சொல்லிக்கிறேன்."

பேனாவை நீட்டினேன். வாங்கி, மேசையிலேயே வைத்துவிட்டார்.

"மை டப்பா குடுங்க. நான் கையெழுத்துப் போட்டா, பாப்பா எழுதுனது பொய்யாயிடாதா?"

மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தேன். அழுத்திக் கைநாட்டு வைத்தார்.

வெளியே பஸ் வந்து நின்றது. மை காயாத கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அதன் ஊர்ப்பெயர்ப் பலகையைச் சுட்டி, "மேல்... சித்தா... மூர்" என்று சத்தமாகக் கூட்டிப் படித்துவிட்டு ஏறிப் போனார்.