கெடா விருந்தில் கறியை மறுத்தவர்

உடுமலைப்பேட்டையில் ஒரு பேச்சு உலவியது. தேங்காய்க் களத்து மேஸ்திரி கிருபாசங்கர் குடித்துக் குடித்தே வயிற்றில் கல் கட்டிவிட்டதாம். கோயமுத்தூரில் அறுத்துக் கைப்பிடி கல் எடுத்தார்களாம். சொன்னவர்கள் எல்லோரும் 'ங்க' போட்டே சொன்னார்கள். எங்கள் பக்கம் பழி சுமத்தும்போதும் மரியாதை குறையாது.

விசாரிக்கப் போனேன். கல் நிஜம், கைப்பிடியல்ல, ஒரு தேக்கரண்டி. குடியைத்தான் எங்கும் காணோம்.

"எங்க மேஸ்திரியா? டீயே பாதிதானுங்க குடிப்பாரு" என்றார் களத்தில் தேங்காய் உடைக்கும் மாரியாத்தாள். "வலி வந்தா முழங்காலைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்துக்குவாருங்க. வாயுன்னு நெனச்சுப்போட்டோம்."

பேச்சின் ஊற்று, மூன்று வருடம் முன்பு மைத்துனர் சுரேந்தர் வைத்த கெடா விருந்து. அங்கே இலையில் கறியை மறுப்பது உறவையே மறுப்பது. கிருபாசங்கர் ரசஞ்சோறு மட்டும் கேட்டார்.

"ஏனுங்க மச்சான், எங்க ஊட்டுக் கறி எறங்காதுங்களா?" என்று சுரேந்தரே இரண்டு கரண்டி கவிழ்த்தார்.

மரியாதைக்காகத் தின்றவர், அரை மணியில் தென்னை மரத்தடியில் சுருண்டு வாந்தியெடுத்தார். கெடா விருந்தில் எடுத்த வாந்திக்கு எங்கள் ஊர் வைத்தியம் ஒரே காரணத்தைத்தான் அறியும்.

அன்றிலிருந்து மனைவி லோகப்பிரியா தினமும் அவர் வாயை மோந்து பார்த்தார். "ஒரு நாளும் வாடை இல்லீங்க. ஆனா குடின்னு சொன்னது எங்கண்ணனாச்சே" என்றார் என்னிடம், தலை நிமிராமல். வலிக்கிறது என்றால் 'நிறுத்துங்க, சரியாயிரும்' என்றே பதில் வந்தது. கிருபாசங்கர் சொல்வதை நிறுத்திவிட்டார். பதினெட்டு கிலோ இளைத்தார். சர்க்கரை வந்தது.

கடைசியில் கோயமுத்தூர் ஸ்கேன் கல்லைக் காட்டியது, கணையக் குழாய்க்குள். குடிக்காதவர்களுக்கும் வரும் என்றார் டாக்டர். குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். வலி குறையலாம், சர்க்கரை போகாது. இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும், ஈடாக இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும்.

களத்து லோடுமேன் ராமுலு கொடுத்துவிட்டார். இன்னொரு யூனிட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்த சுரேந்தர், அறுவைக்கு முந்தின நாள் போன் செய்தார்: "குடிகாரனுக்கு எதுக்குன்னு ஊட்டுல கேக்கறாங்கம்மணி."

லோகப்பிரியா முதல்முறையாக 'ங்க' போடாமல் பேசினார். "ஸ்கேனைப் பாத்துப்போட்டேன்ணா. கறி வெச்சது நீ. குடிச்சது யாரு?"

ஈட்டை அண்ணன் பிறகு கொடுப்பார் என்று லோகப்பிரியாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு ரத்த வங்கி ரத்தம் தந்தது. அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது.

நான்கு மாதமாகிறது. கிருபாசங்கர் இரண்டு இட்லி தின்றுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி காத்திருக்கிறார். வலி வரவில்லை. ஆனாலும் குனிந்தேதான் உட்காருகிறார்.

சுரேந்தர் வரும்போதெல்லாம் ஆப்பிள் கொண்டுவருகிறார். போன வாரம் ரத்த வங்கியிலிருந்து ரிஃபானா அவரை அழைத்தார்: "ஒரு யூனிட் இன்னும் பாக்கிங்க சார். இன்னிக்கு வரீங்களா?"

"வாரேனுங்க. ஆனா இன்னிக்கு வேண்டாமுங்க. நேத்து ஒரு கெடா விருந்து. கொஞ்சம் குடிச்சுப்போட்டேன்."