ஆகஸ்டில் தனியாக ஓடிய செர்பியர்

இரண்டாயிரங்களின் நடுவில், அமீரகத்தின் புஜைராவில் ஒரு கால்பந்து கிளப்பில் புல்லுக்குத் தண்ணீர் விட்டு, ஜெர்சி துவைத்து, கேட் சாவியும் வைத்திருந்தேன். எங்கள் அணியின் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒரு செர்பியர். பெல்கிரேடில் தொடங்கி, கிரீஸ், சைப்ரஸ் என்று நாடு நாடாக கோல் அடித்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டி எங்களிடம் வந்தவர். ஒரு சீசன் முழுக்க அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். முழங்கால் வீங்கியதும் வேண்டாதவராகிவிட்டார்.

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருந்தது. கிளப்பே அனுப்பினால் அந்த வருடச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்; அவராக விட்டுப் போனால்தான் கிளப்புக்கு நிம்மதி. ஆகஸ்டில் மற்றவர்களையெல்லாம் பயிற்சிக்கு ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்கள், அதுவும் அவருடைய நாட்டுக்குப் பக்கத்திலேயே. இவர் மட்டும் தினமும் மதியம் மைதானத்துக்கு வந்து தனியாக ஓட வேண்டும், ஒரு நாள் வராவிட்டாலும் ஒப்பந்தம் கலாஸ் என்றார்கள். பந்துகளைக்கூட உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார்கள்.

அவர் தினமும் வந்தார். "ஏன் பாய் இந்தப் பாடு? விட்டுட்டுப் போயிடுங்களேன்" என்றேன் ஒருநாள், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்.

"எங்க ஊர்ல குண்டு போட்டப்பவே பிராக்டிஸுக்குப் போனவன் நான். வெயிலைக் காட்டி மிரட்டுறாங்களா?" என்றார்.

பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நாளை கேட்டைத் திறக்கக் கூடாது, யார் கேட்டாலும் அவன் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். என் விசா அவர் கையில். ரூமில் உடனிருந்த புதுக்கோட்டைக்காரர், "உனக்கெதுக்குப்பா இந்த வம்பு? சொல்றதைச் செஞ்சுட்டுப் போ" என்றார். செர்பியருக்கே இந்தக் கதி என்றால் என்னை என்னதான் செய்யமாட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் திறந்தேன். அவர் ஓடினார்.

"வந்தானா?" என்றார் மேனேஜர்.

"வந்தாரு. ஓடுனாரு. யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஊருக்குக் கிளம்பு என்றார்.

அடுத்த நாள் கேட் பூட்டியிருந்தது. செர்பியர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு மைதானச் சுவரை ஒட்டிய சாலையில் ஓடத் தொடங்கினார். டாக்ஸிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். டீக்கடை மலையாளி வெளியே வந்தார். டூட்டி முடிந்து வந்த புதுக்கோட்டைக்காரரும் நின்றார். சாலையோரம் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "நல்லாப் பாத்துக்கங்க. இவரு இன்னிக்கும் வந்திருக்காரு."