கோல் விழுந்தவுடன் வந்த அழைப்பு

இன்று பின்னேரம் தோட்டவெளியில் உதைபந்தாட்டம். எனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற காலத்தில் சனத்துக்குள் போகக்கூடாதாம். அதனால் நானும் கணவரும் மைதானத்துக்கு எட்டத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தோம்.

என் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டி. நாடித்துடிப்பையும் உடம்புச் சூட்டையும் அங்குள்ள கொம்பியூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போன மாதம் எனக்குக் காய்ச்சல் என்று எனக்கே தெரியுமுன் கண்டுபிடித்து, வார்டில் படுக்க வைத்ததும் அதுதான்.

எங்கள் பெடியள் கோல் அடித்தார்கள். எழும்பி நின்று கத்தினேன்.

உடனே போன். ஆஸ்பத்திரி நேர்ஸ்.

“அக்கா, நாடி திடீரெண்டு ஏறிட்டுது. உங்களுக்கு என்ன செய்யுது?”

கணவர் அதற்குள் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

“ஒண்டுமில்லை தங்கச்சி, கோல்!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப அதையும் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிறன். இனிப் பழகிக்கொள்ளும்.”

அடுத்த கோலுக்கு இன்னும் பலமாகக் கத்தினேன். போன் அடிக்கவில்லை.

கணவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. “ஆஸ்பத்திரியில இருந்து ஏன் இன்னும் எடுக்கேல்லை? பட்டி பழுதாப் போச்சோ?”

ஒரே கோலில் கொம்பியூட்டருக்கு விளையாட்டு விளங்கிவிட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லிக் கொடுத்தும் இவருக்கு ஓஃப்சைட் விதி விளங்கவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?