அலைக்குளத்தில் ஊதிய சங்கு

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். வீடு எண்ணூர் நெட்டுக்குப்பத்தில். போன லீவுக்குக் கணவர், மகள் கவியோடு ஒரு தீம் பார்க் ஓட்டலில் தங்கினோம். மெத்தையில் கவியைவிட நான்தான் அதிகம் குதித்தேன்!

காலையில் நீச்சல் குளத்தை ஒட்டிய கூடத்தில் பொங்கல், பூரி என்று தட்டு நிறைய வைத்துச் சாப்பிட்டோம். அங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் நீச்சல் உடுப்பு. திடீரென்று சங்கு ஊதியது.

எங்கள் பக்கம் நேரங்கெட்ட நேரத்தில் கம்பெனிச் சங்கு ஊதினால், கேஸ் கசிகிறது என்று அர்த்தம். துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்தேன். பக்கத்திலிருந்த மஞ்சள் உடுப்பை இழுத்து, பிள்ளை முகத்தோடு என் மூக்கையும் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மற்றவர்கள் சிரித்தபடி குளத்துக்கு ஓடினார்கள்.

"அங்க போவாதீங்க, கேஸு!" என்று கத்தினேன்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து, "ஆன்ட்டி, எங்கம்மா அங்க இருக்காங்க" என்றது குழந்தை.

யார் வீட்டுப் பிள்ளையோ! அப்படியானால் என் கவி? திரும்பி ஓடினேன். கவி அவள் அப்பா தோளில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, அலை வுடறதுக்கு சங்கு ஊதுனா, யார் வூட்டுப் பொண்ண இட்டுகினு ஓட்ற?" என்று சிரித்தார் அவர்.

அந்தக் குழந்தையின் அம்மா சிரிக்கவில்லை. அழுதபடி பிள்ளையை வாங்கிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் அலை வந்தது பாருங்கள், மதியம் வரை நான் கரையேறவே இல்லை!

இப்போதெல்லாம் எங்கே தங்கினாலும் சாவி வாங்கும்போதே, "இங்க எதுக்கெல்லாம் சங்கு ஊதுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். பயம் போகவில்லை. ஆனால், ஓடுவதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பிடிக்கிறேன்.