நாலு கம்பி அருமைநாயகி

“இஞ்சின் அழுகுது, கேக்கேல்லையோ தம்பி? மாத்துங்கோ.”

நான் மூன்றாவது கியருக்கு மாறுகிறேன். அழுகை நிற்கிறது. இடப்பக்க இருக்கையில் அருமைநாயகி தலையை ஆட்டுகிறார். லூயிஷாம் சந்தையை ஒட்டிய சாலையில் பேருந்துகள் இருபுறமும் உரசிக்கொண்டு போகின்றன. எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அவருக்கு ஒன்றுமில்லை. கியரைப் பார்த்தோ மீட்டரைப் பார்த்தோ மாற்றக்கூடாது, காதால் மாற்ற வேண்டும் என்பது அவருடைய பாடம். “கிளச்சை மெல்ல விடுங்கோ. அது உங்களை விட்டிட்டு எங்கயும் ஓடாது.”

அந்தக் காரில் ரேடியோ கிடையாது. இருந்த இடத்தில் ஒரு சதுரப் பொந்து. அதற்குள் புளிப்பு மிட்டாய், தலைவலி மாத்திரை, பூனைப் படம் போட்ட கைக்குட்டை. ரேடியோவை அவரே கழற்றிவிட்டார். “பின்னால பாட்டு ஓடினா எனக்குக் கார் கேக்காது.” தமிழர் திருமண மண்டபங்களிலும் இப்படித்தான். ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்துவிடுவார். “அந்த டும் டும் பாஸைக் கூட்டி வச்சிருக்கிறாங்கள். பொம்பிளையின்ர தோடு நடுங்குது, பாத்தனீங்களோ?”

ஐம்பத்துநாலு வயது. குள்ளம். கழுத்தோடு வெட்டிய நரைமுடி, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம், முழங்கையில் தேய்ந்த கம்பளிச் சட்டை. முதுகு வலி வந்து தாதி வேலையை விட்ட பிறகு பதினைந்து வருடமாகக் கார் பழக்குகிறார். லூயிஷாமில் பாதித் தமிழர் அவரிடம்தான் பழகினார்கள்; அவர்களுக்கு அவர் ‘டிரைவிங் அக்கா’. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “நேரம் கிடைக்கேல்லை” என்று மட்டும் சொல்வார்.

அவர் வேறு யாரோவாகவும் இருந்தவர் என்பது எனக்குத் தெரியவந்தது நியூ கிராஸ் சிவப்பு விளக்கில். மிதிவண்டியில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். காதில் ஏழெட்டு வளையம், இருபது வயதுக்கு மேல் இராது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, “நீங்கள் ஆருதானே? டாம்ப் கோர்ஸ் ஆரு?” என்று, அருமைநாயகி என்ற பெயரைச் சுருக்கி, ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. “உங்களால்தான் நான் பாஸ் கிற்றார் எடுத்தேன்.” அருமைநாயகி ஜன்னலை இறக்கி அவள் கையை ஒருமுறை பிடித்தார். விளக்கு பச்சையானது. “என்ன பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்? எடுங்கோ தம்பி, பின்னால ஹோர்ன் அடிக்கிறான்.”

அடுத்த சில வாரங்களில், வண்டியைப் பின்னோக்கி நிறுத்தப் பழகும் இடைவேளைகளில், கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன்.

எழுபத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தாதிப் பயிற்சிக்கு வந்தவர். மூன்று வருடம் கழித்து டெப்ட்ஃபோர்டில் இடிக்கக் காத்திருந்த ஒரு வீட்டில் அறை எடுத்தார். மேல்மாடியில் ரூத், கிளாஸ்கோக்காரி, கிற்றாரும் பாட்டும். பக்கத்துத் தெருவில் டெஸ்மண்ட். ஜமெய்க்காப் பெற்றோருக்கு லூயிஷாமில் பிறந்தவர், பகலில் தபால் வேலை, மாலையில் டிரம்ஸ். பாஸ் வாசிக்க இருந்தவன் ஒருநாள் வரவில்லை. ரூத் படியிறங்கி வந்து கதவைத் தட்டினார்.

“எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். அதுதான் வேணும் எண்டாள். தெரிஞ்சவங்கள் எல்லாரும் ஒரேமாதிரி அடிக்கிறாங்களாம். நாலு கம்பிதான், நீ ஊசி போடுற பிள்ளை, உனக்கு ஏலும் எண்டாள்.”

பங்க் என்ற முரட்டு ராக் இசை அலையின் கூச்சல் ஓய்ந்திருந்த நேரம் அது. பின்னால் வந்தவர்கள் சத்தத்தைக் குறைத்து நடுவில் வெற்றிடம் விட்டார்கள். கிற்றார் ஓரமாக நின்று கீறியது. பாட்டை நடத்திப் போகும் வேலை பாஸுக்கு வந்தது. ஒன்றும் தெரியாத அருமைநாயகி மூன்று சுரங்களைப் பிடித்து, அவற்றை விட மனமில்லாமல், திரும்பத் திரும்ப அவற்றின்மேல் நடந்தார். மற்ற இருவரும் அந்த நடைக்குள் வந்து சேர்ந்தார்கள். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கை ஆங்கிலத்தில் டாம்ப் கோர்ஸ் என்பார்கள். அவர்கள் வீட்டில் அது இல்லை. அதனால் குழுவுக்கு அந்தப் பெயர்.

ஒரு இசைத்தட்டு, இரண்டு சின்னத் தட்டுகள், வானொலியில் சில தடவை. மருத்துவமனைச் சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் வேனில் போய், மறுநாள் காலை வார்டில் நின்றிருக்கிறார். கூட்டத்தில் சிலர் அவரைப் பார்த்து ஊர்போய்ச் சேரச் சொல்லிக் கத்துவார்கள். ரூத் பாட்டை நிறுத்திவிடுவார். டெஸ்மண்ட் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிடுவார். இவர் மட்டும் வாசித்துக்கொண்டே இருப்பார். “நான் நிப்பாட்டினா அவங்கள் வெண்டமாதிரி எல்லோ?”

எண்பத்துமூன்று இலையுதிர்காலத்தில் அமெரிக்கப் பயணம் முடிவாகியிருந்தது. ஜூலையில் கொழும்பு எரிந்தது. இரண்டு அண்ணன்மாரும் குடும்பத்தோடு அவருடைய இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். “ரெண்டு மாசம் பொறு, வாறன்” என்று ரூத்திடம் சொன்னார். ரூத் பொறுத்தார். வேறு பாஸ்காரரைத் தேட மாட்டேன் என்று அமெரிக்காக்காரர்களிடம் சொல்லிவிட்டார். பயணம் கைவிட்டுப் போனது, பிறகு குழுவும் போனது. அருமைநாயகி இரட்டை ஷிப்ட் செய்தார். மூலையில் நின்ற பாஸ் கிற்றாரில் குழந்தைகளின் சட்டைகள் காய்ந்தன. ஒருநாள் அண்ணி வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அதைப் பழைய பொருள் விற்கும் தர்மக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கோபம் வரவில்லையா என்றேன்.

“அவவுக்கு என்ன தெரியும்? நானும் சொல்லேல்லை. எல்லாரும் வீடு வாசலை விட்டிட்டு வந்து நிக்கினம், நான் கிற்றாருக்கு அழுறதோ?”

ரூத்துக்கு எழுதவும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வருடம் போனது. பிறகு வெட்கமாக இருந்தது.

அவர் மறந்திருந்த காலத்தில் இசைத்தட்டு தானாக நடந்து போயிருக்கிறது. யாரோ யாருக்கோ கசற்றில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஒரு அமெரிக்கக் குழுவிடம் அவர்கள் இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அது டாம்ப் கோர்ஸ் பெயரைச் சொன்னது. பெர்லினிலும் ஒசாகாவிலும் பிள்ளைகள் அந்த மூன்று சுரத்தில் தொடங்குகிறார்கள். போன வருடம் தட்டு மறுபடி வெளியானது. முதல் பாட்டில் ஓரிடத்தில் பாஸ் தாளத்தில் ஒரு அடி பிந்தி விழும். அதை ஒரு பத்திரிகை ‘புரட்சிகரமான தயக்கம்’ என்று எழுதியிருந்தது.

அருமைநாயகி அதைச் சொல்லிவிட்டு ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். “அது பிழை தம்பி. பதியேக்க அந்த இடத்தில ரூத் திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சவள். கை பிந்திட்டுது. இப்ப எல்லாரும் அந்தப் பிழையை வடிவா வாசிக்கினம். சிரிப்பு ஒருத்தருக்கும் தெரியாது.”

இந்த ஏப்ரலில் ரூத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு விழாவில் மூவரையும் சேர்ந்து வாசிக்கக் கேட்கிறார்கள், அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமைப் பகல். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். அப்போது அருமைநாயகியின் தங்கை ஜெயகௌரி இரண்டு பெண்பிள்ளைகளோடு வன்னியில் இருந்தார். தகவல் நின்று வாரங்களாகியிருந்தன. பாடங்களை முடித்துவிட்டு அக்கா தினமும் நாடாளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், போரை நிறுத்தக் கேட்ட கூட்டத்தோடு நின்றார். “ஏலாது ரூத்” என்றார். “அங்க குண்டு விழுது. நான் மேடையில நிண்டு என்னத்தை அடிக்கிறது?” அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ, எனக்கு இப்படித்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து சதுக்கத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு நெடிய, நரைத்த பெண் வந்து நின்றார். கூட வழுக்கைத்தலை டெஸ்மண்ட். ரூத் ஒரு பதாகையின் கம்பைப் பிடித்துக்கொண்டார். அதில் தமிழில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. விழாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க வந்தார்.

மே மாதம் போர் முடிந்தது. சதுக்கத்தில் கூட்டம் குறைந்தது. ஜூலையில் ஒரு பகல், நான் வண்டியை ஓரங்கட்டும் நேரத்தில் அவர் கைபேசி அடித்தது. வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் தொலைபேசியில், ஜெயகௌரி. இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். கணவரைப் பற்றித் தகவல் இல்லை. அருமைநாயகி “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எதிர்முனையில் ஏதோ கேட்டது. இவர் முகம் மாறியது. “ஓம், இப்பவும்தான்” என்றார். தொடர்பு அறுந்தது.

“என்ன கேட்டார்?”

“எண்பத்தொண்டில அவளுக்கு மட்டும் ஒரு கசற் அனுப்பினனான். வீட்டில வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” மூக்கைத் துடைத்தார். “பங்கருக்குள்ள சின்னவள் அழேக்க அந்த டும் டும்மைத்தான் வாயால போட்டு ஆட்டினவளாம். அக்கா, நீ இப்பவும் அந்தக் கிற்றார் அடிக்கிறியோ எண்டு கேக்கிறாள்.”

அவர் தங்கையிடம் பொய் சொல்லியிருந்தார். அன்று பாடம் நடக்கவில்லை. காரிலிருந்தபடியே ரூத்தை அழைத்தார்.

ஒத்திகை டெப்ட்ஃபோர்டில் ரயில் பாலத்து வளைவுக்குள். பாஸ் கிற்றார் டெஸ்மண்டின் மகளுடையது. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் விரல்கள் வழுக்கின. இரண்டாம் நாள் அவர் அழுதார். மூன்றாம் நாள் மூன்று சுரமும் நடக்கத் தொடங்கி, தலைக்கு மேல் ரயில் போன சத்தத்தை அமுக்கின. எல்லோரும் மனப்பாடம் செய்திருந்த அந்த இடத்தில் பாஸ் பிந்தவில்லை. ரூத் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தாளில் பாட்டுவரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அந்தத் தட்டு வந்தபோது பிறக்காதவர்கள். தமிழர் என்று பார்த்தால் நானும், என்ன நடக்கிறது என்று விளங்காமல் நின்ற அவருடைய அண்ணன்மாரில் ஒருவரும். அருமைநாயகி அதே கம்பளிச் சட்டையோடு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தொடங்கினார். பக்கத்தில் நின்றவர்களின் சட்டைகள் அதிர்ந்தன. முடிந்தபோது அண்ணன் என்னிடம், “இவ்வளவு நாளும் இவள் இதை எங்க வச்சிருந்தவள்?” என்று கேட்டார்.

வெளியே வெயில் இருந்தது. ரூத்துக்குக் கிளாஸ்கோ ரயிலைப் பிடிக்க வேண்டும். டாக்சியில் ஏறும்போது, “இனி?” என்று கேட்டார். “ஜெயகௌரி முகாமை விட்டு வெளியில வரட்டும்” என்றார் இவர். ரூத் தலையசைத்தார். டாக்சி திருப்பத்தில் மறைந்தது.

அருமைநாயகியின் வலது கையில், கம்பியை மீட்டும் இரண்டு விரல்களிலும் கொப்புளம் எழும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒன்று உடைந்திருந்தது. பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து நீட்டினேன்.

“வேண்டாம் தம்பி. ஒட்டினா ஆறிடும்.”

டாக்சி போன பக்கமே பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கொப்புளத்தை அழுத்தினார். வலித்திருக்க வேண்டும். கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்தினார்.